வலி போனது, கல் போகவில்லை

எங்கள் கிளை ஒன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவருக்கு இப்போது ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. கொழுந்து எடுப்பவர். வயது 42. பிள்ளைகள் இரண்டு பேர். தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஆனா நடந்தத எழுதுங்க, மத்த பொம்பளைங்களுக்காவது தெரியட்டும்" என்றார். அதனால் எழுதுகிறோம்.

முதல் தடவை அவருக்கு வலி வந்தது மலையில், நிரை பிடித்து நின்றபோது. வலது பக்க விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாகத் தொடங்கி அடிவயிறு வரை இறங்கிய வலி. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாந்தி வேறு. பக்கத்து நிரையில் நின்றவர்கள் கூடையை இறக்கிவிட்டு அவரைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி போட்டார்கள். வாய்வு என்றார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வலி நின்றது. மறுநாள் காலையில் அவர் மலையில் நின்றார். எட்டு மாதத்துக்குள் இப்படி இன்னும் இரண்டு முறை. இரண்டு முறையும் ஊசி, இரண்டு முறையும் மறுநாள் மலை.

நான்காம் முறை வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தது. இரவு பத்து மணிக்கு லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். ஸ்கேன் செய்து பார்த்தபோது சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து, மேலே சிறுநீர் தேங்கி, அதில் கிருமி பிடித்துச் சீழ் கட்டியிருந்தது. அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்குவதற்கு உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். அன்றிரவு அதைச் செய்யாவிட்டால் உயிரே போயிருக்கும். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தார். கல்லை எடுக்கவும் உள்ளே வைத்த குழாயைக் கழற்றவும் இன்ன திகதிக்கு வா என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியது ஆங்கிலத்தில். வாயால் சொன்னது சிங்களத்தில். "கிளினிக் வரச் சொல்றாங்க" என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. தன் வயிற்றுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தத் திகதி கொழுந்து அதிகமான மாதத்தில் வந்தது. வலியும் இல்லை. போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போகும். எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று எங்கள் சங்கத்தின் தோட்டக் கமிட்டி ஆள் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். "நல்லாத்தானே இருக்கீங்க, சீசன் முடியட்டும் அக்கா" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் அல்ல. எங்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அதையேதான் சொல்லியிருப்போம். இதை மூடி மறைத்துவிட்டு நிர்வாகத்தை மட்டும் திட்டி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் காய்ச்சலோடு போனபோது, உள்ளே இருந்த குழாயைச் சுற்றியே கல் படிந்திருந்தது. அந்தப் பக்கச் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. வெட்டி எடுத்தார்கள்.

லயத்தில் இதை அவருடைய தலைவிதி என்று பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. கிட்னி கல் என்பது உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு வந்து போகிற நோய். நேரத்துக்குப் பார்த்தால் அநேகமாக எல்லாருமே முழுச் சுகத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். எங்கள் சகோதரி தன் சிறுநீரகத்தை இழந்தது கல்லால் மட்டும் அல்ல. அதனால்தான் ஒரு வைத்திய விஷயத்தைச் சங்கப் பத்திரிகையில் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில் கல் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி சீனி போட்டால் கரைந்துவிடும். ஒரு வாய்த் தண்ணீரில் நான்கு கரண்டி போட்டால் அடியில் தங்கும். சிறுநீரிலும் இதுதான் நடக்கிறது. உடம்பு வெளியே தள்ளுகிற கல்சியம், ஒக்சலேட், யூரிக் அமிலம் போன்ற உப்புகள் கரைந்து போவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் அவை பளிங்கு போலப் படிகின்றன, படிந்தது மெல்ல மெல்ல வளர்கிறது. கற்களில் பெரும்பாலானவை கல்சியமும் ஒக்சலேட்டும் சேர்ந்தவை. யூரிக் அமிலக் கல், கிருமி பிடித்த சிறுநீரில் வளரும் கல், பரம்பரையாக வரும் கல் என்று வேறு வகைகளும் உண்டு. சாப்பாட்டில் கிடக்கும் மண்ணும் மணலும் சேர்ந்துதான் கல்லாகிறது என்று எங்கள் வயதானவர்கள் சொல்வார்கள். அது அப்படி இல்லை.

சிறுநீரகத்துக்குள் இருக்கும்போது கல் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம். அது அங்கிருந்து நகர்ந்து, சிறுநீரகத்தையும் சலப்பையையும் இணைக்கிற குழாய்க்குள் இறங்கும்போதுதான் வலி வருகிறது. அந்தக் குழாயின் உள்வழி சில மில்லிமீற்றர் அகலம்தான். கல் அடைத்ததும் பின்னால் சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் உப்பி இழுபடுகிறது. பிள்ளை பெற்ற பெண்கள், பிள்ளை வலியே பரவாயில்லை என்று சொல்கிற அளவுக்கு அந்த வலி இருக்கும். அலை அலையாக வரும். சிலருக்குச் சிறுநீர் சிவந்தோ சாயத் தேத்தண்ணி போலவோ போகும்.

இனிச் சொல்வதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசிக்கும்படி கேட்கிறோம். வலி நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணம் மட்டும் இல்லை. கல் சலப்பைக்குள் விழுந்து வெளியே போயிருக்கலாம், அது நல்லது. கல் குழாயிலேயே கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம், அப்போது அடைப்பு தளர்ந்து வலி நிற்கும், பிறகு மறுபடி அடைக்கும். மூன்றாவதுதான் பயங்கரம். நாட்கணக்காக, வாரக்கணக்காக அடைபட்டுக் கிடக்கிற சிறுநீரகம் சிறுநீர் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும். இழுவிசை குறையும், வலியும் குறையும். வலியில்லாமலே அந்தச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டு போகும். மற்றச் சிறுநீரகம் சேர்த்து வேலை செய்வதால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த மூன்றில் எது நடந்தது என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் யாராலும் சொல்ல முடியாது. பூசாரியாலும் முடியாது. படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தலையில் கயிறு போட்டுக் கூடை சுமக்கிற பெண்ணுக்கும், முள்ளுக் குத்துகிற, கவ்வாத்து வெட்டுகிற ஆணுக்கும் முதுகு வலி என்பது தினப்படி. அதனால் கல் வலியையும் பிடிப்பு என்று நினைத்துச் சித்தாலேப தேய்த்துப் படுத்துவிடுகிறோம். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தசைப் பிடிப்பு என்றால் அசையாமல் படுத்தால் சுகம் தெரியும், குனிந்தால் நிமிர்ந்தால் கூடும். கல் வலிக்காரர் ஒரு நிலையில் இருக்க முடியாமல் புரளுவார், நடப்பார், குந்துவார், மறுபடி எழும்புவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுகம் இல்லை. இது நூற்றுக்கு நூறு சரியான அளவுகோல் அல்ல. வலது பக்கம் என்றால் குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் இப்படி வலித்தால் கரு குழாயில் தங்கியதாகவும் இருக்கலாம், அதற்கு ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. எனவே மாதவிடாய் விபரத்தைக் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்? சிறுநீரைப் பரிசோதிப்பார்கள். அதில் இரத்தம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய. பிறகு வயிற்று ஸ்கேன், எக்ஸ்ரே. ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பது நன்றாகத் தெரியும், ஆனால் குழாயின் நடுவில் இருக்கிற கல் தவறிப்போகலாம். எக்ஸ்ரேயில் கல்சியக் கல் தெரியும், யூரிக் அமிலக் கல் தெரியாது. எல்லாவற்றையும் சரியாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன். அது எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. ஆகவே "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று வந்துவிடாமல், வலி திரும்ப வந்தால் மறுபடி போக வேண்டும். பழைய படங்களையும் துண்டுகளையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு போக வேண்டும். கர்ப்பமாக இருந்தால் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும், எக்ஸ்ரேயும் சில மருந்துகளும் அப்போது கூடாது.

வலியோடு காய்ச்சல், நடுக்கம் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் முற்றாக நின்றுபோனாலும், ஏற்கனவே ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவருக்கு வலி வந்தாலும் அப்படித்தான். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு இல்லை. லயத்துக்கு வரும் பாதை மோசமென்றால் பெரிய ரோட்டுக்கு வரச் சொல்லிவிட்டு நோயாளியை அங்கே இறக்குங்கள். துரையின் அனுமதிக்கோ லொறி கிடைப்பதற்கோ காத்திருக்க வேண்டிய காலம் இது இல்லை.

சிகிச்சையைப் பற்றி எங்கள் ஆட்களுக்குப் பயம் அதிகம். கிட்னியில் கல் என்றதும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இன்றைக்குக் கிழிப்பது மிகக் குறைவு. 5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே சிறுநீரோடு போய்விடும். வலிக்கு மருந்து கொடுத்து, சிலருக்குக் குழாயைத் தளர்த்துகிற மாத்திரையும் கொடுத்து, நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். வைத்தியர் வெறும் மாத்திரையோடு அனுப்பிவிட்டார் என்று கோபப்படத் தேவையில்லை, அதுவும் சிகிச்சைதான். ஆனால் அந்தக் கால முடிவில் கல் போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். சிறுநீரைத் துணியில் வடித்துப் பாருங்கள். கல் விழுந்தால் கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். அது என்ன வகைக் கல் என்று தெரிந்தால் இனி வராமல் தடுக்க வழி சொல்ல முடியும். 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கல் தானாகப் போவது அபூர்வம்.

போகாத கல்லை மூன்று விதமாக எடுப்பார்கள். உடம்புக்கு வெளியே இருந்து அதிர்வலை செலுத்தி உள்ளே இருக்கும் கல்லைத் தூளாக்கலாம், வெட்டுக் காயமே இருக்காது. சிறுநீர் போகிற வழியாலேயே மெல்லிய கருவியை விட்டு லேசர் கதிரால் உடைத்து எடுக்கலாம். பெரிய கல் என்றால், 2 சென்டிமீற்றரைத் தாண்டியது என்றால், முதுகில் சிறிய துளை போட்டு எடுப்பார்கள். இதற்கெல்லாம் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிற பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மலையகத்தில் இருந்து அது பெரும்பாலும் கண்டிக்கோ பதுளைக்கோ போகும் பயணம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் வரிசை உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பில்தான் தோட்டும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. தனியாரிடம் போக முன்பு, காத்திருக்கலாமா, காத்திருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்தா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். அடைப்பு இல்லாத கல் என்றால் பல நேரம் காத்திருக்கலாம் என்றே சொல்வார்கள்.

இப்போது அந்தக் குழாய். வைத்தியர்கள் அதை ஸ்டென்ட் என்பார்கள். சிறுநீரகத்தில் ஒரு முனையும் சலப்பையில் மறு முனையும் சுருண்டு நிற்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், சில வேளை சிவப்பாகப் போகும், சிறுநீர் கழிக்கும்போது விலாவில் இழுக்கும். இவை சாதாரணம். ஆனால் அது நிரந்தரமாக இருப்பதற்கு வைத்த பொருள் அல்ல. வழக்கமாகச் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதங்களுக்குள் கழற்றுவார்கள் அல்லது மாற்றுவார்கள். கழற்றுவது சில நிமிட வேலை. கழற்றாமல் விட்டால் கல் அதன்மேலேயே படியும். எங்கள் சகோதரிக்கு நடந்தது அதுதான். வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்டுவிட்டு வர வேண்டிய கேள்வி ஒன்று: "எனக்குள்ள ட்யூப் ஏதாவது வச்சிருக்கீங்களா? அத எப்ப எடுப்பீங்க?" பதில் தமிழில் வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் இருந்து. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வது யாரையும் தொந்தரவு செய்வது ஆகாது.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சிக் கசாயம், பார்லித் தண்ணீர் எல்லாம் லயத்தில் நடக்கிறது. இவற்றோடு நிறையத் தண்ணீரும் உள்ளே போவதால் சின்னக் கல் இறங்க உதவலாம். வந்துவிட்ட கல்சியக் கல்லைக் கரைக்கிற கசாயம் எதுவும் இல்லை, ஆங்கில மருந்திலும் இல்லை. யூரிக் அமிலக் கல்லை மட்டும் வைத்தியர் தருகிற மருந்தால் கரைக்க முடியும். காமரங்காச் சாறும் பிலிங்காய்ச் சாறும் கெட்டியாகக் குடிக்கவே கூடாது. அவற்றில் ஒக்சலேட் மிக அதிகம், குடித்தவர்களுக்குத் திடீரென்று சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் எங்கள் நாட்டிலேயே பதிவாகியுள்ளன. பியர் குடித்தால் கல் போகும் என்று சொல்லிச் சம்பள நாளில் கிளம்புகிற அண்ணன்மாருக்கு: போகாது. கடையில் வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்துக்கே கேடு, முக்கியமாக டிக்ளோபெனாக் வகை மாத்திரைகள். சீனி வியாதிக்காரரும் பிரஷர்காரரும் அதைத் தொடவே வேண்டாம்.

கல் வந்தவர் பாலை நிறுத்த வேண்டும் என்பதும் தவறான எண்ணம். சாப்பாட்டோடு சேருகிற கல்சியம் குடலிலேயே ஒக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும், நன்மைதான். நெத்தலியும் பாலும் சாப்பிடலாம். குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், உப்பு அள்ளிப் போட்ட சம்பல், இவைதான் எங்கள் கறி என்பதால் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். தேத்தண்ணியிலும் ஒக்சலேட் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். அளவாகக் குடிக்கிற தேத்தண்ணியால் கெடுதல் இல்லை, அதுவே தண்ணீருக்குப் பதிலாகிவிடக் கூடாது. இன்னொன்று: அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக நோய் வேறு. அது வலியில்லாமல் இரண்டு சிறுநீரகத்தையும் மெல்ல அழிக்கிறது. கல் வந்தவருக்கெல்லாம் அந்த நோய் வந்துவிடும் என்று அழ வேண்டியதில்லை.

எல்லா வைத்தியரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும், அதற்கு மூன்று லீற்றர் வரை உள்ளே போக வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் போதுமானது. ஒரு முறை கல் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் மறுபடி வருகிறது. ஆகவே இது ஆயுள் முழுவதற்குமான மருந்து.

இங்கேதான் எங்கள் கேள்வி தொடங்குகிறது. மலையில் நிற்கிற பெண் எங்கே போய்ச் சிறுநீர் கழிப்பது?

காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறுகிற எங்கள் பெண்கள் பகல் கொழுந்து நிறுக்கும் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல. குடித்தால் முட்டும், முட்டினால் ஒதுங்க இடம் இல்லை. தேயிலை இடுப்பளவு, கங்காணியும் வெளிக்கள உத்தியோகத்தரும் சுற்றி நிற்கிறார்கள், கான் ஓரத்தில் அட்டையும் குளவியும் வேறு. கீழே லயத்துக்கு ஓடிப்போய் வந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆகவே அடக்குகிறார்கள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய அடக்கம் பென்சன் வரை நடக்கிறது. மாதவிடாய் நாட்களைப் பற்றி எழுதவே வேண்டாம். சிறுநீர்க் கடுப்பும் கிருமியும் கல்லும் இதில் வராமல் வேறு எதில் வரும்? நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் தாகமே தெரிவதில்லை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலோ வேர்வையாகவே எல்லாம் போய்விடுகிறது. இரண்டு இடத்திலும் முடிவு ஒன்று.

இதை எடுத்துச் சொன்னால் நிர்வாகங்கள் சொல்கிற பதில், இன்றைக்கு ஒரு மலை, நாளைக்கு வேறு மலை, ஒவ்வொன்றிலும் கழிப்பறை கட்ட முடியுமா என்பது. சில தோட்டங்களில் வெளிநாட்டுச் சான்றிதழுக்காக மலையில் ஓய்வறையும் கழிப்பறையும் கட்டியிருக்கிறார்கள், ஆகவே முடியாத காரியம் இல்லை. அதில் சிலவற்றுக்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள், ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்குத் திறப்பதற்கு! எங்களுக்குப் பளிங்குக் கட்டடம் வேண்டாம். குழி வெட்டி, நான்கு கம்பு நட்டு, தகரமோ தார்ப்பாயோ அடித்து, ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைத்தால் போதும். மலை மாறும்போது மறைப்பையும் மாற்றலாம். கொழுந்துச் சாக்கை மலைக்கு மலை கொண்டு போகத் தெரிந்தவர்களுக்கு இதைக் கொண்டு போக முடியாதா?

1912இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலேயே, தோட்டத்தில் யாருக்கு நோய் என்று விசாரித்து அறிவதும், உடனடி நிவாரணம் கொடுப்பதும், வைத்திய அதிகாரி சொன்னால் தொழிலாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவதும் துரையின் கடமை என்று எழுதியிருக்கிறது. நூறு வருடம் கடந்த கடமை அது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முடியவில்லை. இடையில் நிற்கிற டிஸ்பென்சரிகளில் ஊசி இருக்கிறது, வலி நிற்கிறது, ஆள் மறுநாள் மலைக்கு வருகிறார். நிர்வாகத்தின் கணக்கில் அது சரியாகத்தான் இருக்கிறது. டிஸ்பென்சரியில் இருப்பவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை, அவர்களிடம் ஸ்கேன் இல்லை. ஆனால் இரண்டாம் தடவை அதே வலியோடு வருகிறவருக்கு ஊசியோடு ஒரு கடிதமும் எழுதிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கு ஒரு பேனா போதும்.

நிர்வாகத்திடம் எங்கள் கேட்பு இரண்டு. வேலை நடக்கிற ஒவ்வொரு மலையிலும் குடிதண்ணீரும் மறைப்பான இடமும், அங்கே போய் வருகிற நேரத்தைக் கணக்குப் பார்க்காத கங்காணியும். அடுத்தது, அரசாங்க கிளினிக் அட்டையில் திகதி குறித்திருக்கும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது, வருகையை வைத்துக் கொடுக்கிற பணத்திலும் கை வைக்கக் கூடாது. ஒரு நாள் பேருக்குப் பயந்து ஒருவர் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டார். இதைவிடப் பெரிய விலையை அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் எங்களால் எடுத்துக் காட்ட முடியாது.

எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. இந்த மாதத்தில் இருந்து ஒவ்வொரு கிளையிலும் மாதர் அணித் தலைவி ஒரு கொப்பி போட வேண்டும். கிளினிக் திகதி உள்ளவர்கள், முக்கியமாக உள்ளே குழாய் வைத்து வந்தவர்கள், அவர்களுடைய பெயர், திகதி. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்த பிள்ளை ஒன்றைக் கொண்டு தமிழில் எழுதி வாங்க வேண்டும். திகதிக்கு முந்தின நாள் அந்த வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்த வேண்டும், பஸ் காசு இல்லாவிட்டால் கிளை நிதியில் கொடுக்க வேண்டும். சீசன் முடியட்டும் என்று இனிமேல் எங்கள் ஆட்கள் யாரும் சொல்லக் கூடாது. அந்தக் கொப்பியைத் தொடங்கித் தந்திருப்பவர் முன்னே சொன்ன சகோதரிதான். அவருடைய தோட்டத்தில் இதுவரை மூன்று பெயர் எழுதியிருக்கிறார், அதில் ஒருவருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை திகதி. இவரும் கூடப் போகிறார்.